வான்வெளியும் காணும் உரிமையும்: இந்தியாவில் ஒளிப்படக் கருவி தாங்கிய சிறு ஆளில்லா வானூர்திகள் பறக்கத்தக்க இடங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒளிப்படக் கருவி பொருத்திய சிறு ஆளில்லா வானூர்தியை இந்தியாவில் எங்குப் பறக்கவிடலாம் என்னும் வினாவுக்கு இன்று ஒரு வண்ணப்படம் விடை தருகிறது. 2021 செப்டம்பர் 24 அன்று நடுவணரசின் விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அப்படம், நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பகுத்துக் காட்டுகிறது. பச்சையில் முன்னனுமதி வேண்டா. மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் நடுவணரசின் இசைவின்றிப் பறத்தல் கூடாது. டிரோன் என்று பொதுவழக்கில் வழங்கும் இக்கருவி திருமணப் பந்தல்களில் மட்டுமின்றிக் கள ஆய்வாளரின் கையிலும் புழங்கத் தொடங்கிய பின்னர், இவ்வண்ணப்படம் தமிழாய்வுலகுக்கும் உரிய செய்தியாகிவிட்டது. கோயிற் கட்டட ஆய்வு, பெருங்கற்காலச் சின்னங்களின் பரவல், ஏரி குளங்களின் கரையமைப்பு, சிதைந்த கோட்டைகளின் தரைப்படம் ஆகியவற்றில் ஈடுபடுவோர்க்கு மேலிருந்து எடுத்த ஒரு படம், பல நாள் அளவைப் பணிக்கு ஈடான பயனைத் தருகிறது.

ஆனால் பச்சை என்று காட்டப்பட்ட இடமெல்லாம் படமெடுக்க உரிமை பெற்ற இடம் என்று கொள்வது பிழையாகும். ஒரு கருவி ஓரிடத்தின் மேல் செல்லலாமா என்பது ஒரு வினா. அவ்விடத்தை மேலிருந்து காணலாமா, கண்டதைப் பதிவு செய்யலாமா என்பது பிறிதொரு வினா. வண்ணப்படம் முதல் வினாவுக்கு மட்டுமே விடை கூறுகிறது. இந்தியச் சட்ட வரலாற்றில் இவ்விரண்டும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்து வந்தவை. அவற்றுள் காணுதலைப் பற்றிய அச்சமே ஆழமானது என்பதையும், இன்றைய விதிகளின் தெளிவுக்கும் தெளிவின்மைக்கும் அவ்வரலாறே காரணம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் கருவியும்

டிரோன் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் புறநானூற்றின் 27ஆம் பாட்டைச் சுட்டாமல் விடுவதில்லை. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய அப்பாட்டில், புலவர் பாடும் புகழுடையோர் ஓட்டுவோன் செலுத்தாத வானவூர்தியைப் பெறுவர் என்னும் கருத்து இடம்பெறுகிறது. ஆளில்லா ஊர்தி என்னும் கற்பனை தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்றாகலாம். அதற்குமேல் அதனைக் கொண்டு எதையும் நிறுவ முனைதல் பொருந்தாது. அவ்வூர்தி மறுமைக்குரியது, அதற்கு எல்லையில்லை, அனுமதி கேட்போருமில்லை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியோ விசயை தானே இயக்கிச் செல்வது. பொறி எனினும் ஆளுடையது. எனவே இலக்கியத்திலிருந்து சொல்லைப் பெறலாமேயன்றி வரலாற்றைப் பெற இயலாது. இக்கட்டுரையில் டிரோன், ஆளில்லா வானூர்தி ஆகிய இரண்டும் ஒருபொருட்சொற்களாகவே ஆளப்படுகின்றன.

பட்டமும் வானூர்தியே

இந்திய வான்வெளியில் சட்டம் நுழைந்தது வானூர்தி நுழைந்த காலத்தை ஒட்டியேயாகும். 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு வானோடி அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைச் சுமந்து சென்றார். அதே ஆண்டில் இந்திய வான்கலச் சட்டம் இயற்றப்பட்டது. 1919இல் பாரிசில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உண்டு என்பதை உறுதிப்படுத்திற்று. வானம் யார்க்கும் உரியதன்று என்னும் பழைய எண்ணம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. இச்சட்டத்தில் வானூர்தி என்பதற்குத் தரப்பட்ட வரையறை நோக்கத்தக்கது. காற்றின் எதிர்விசையால் வளிமண்டலத்தில் தாங்கப்பெறும் எப்பொறியும் வானூர்தியாகும் என்று கூறி, அதனுள் பலூன், வான்கலம், மிதவையூர்தி ஆகியவற்றோடு பட்டத்தையும் அது அடக்கிற்று. ஆகத்து 15 அன்று பழைய தில்லியின் மாடிகளில் சிறுவர் விடும் காகிதப் பட்டமும், சங்கராந்தியன்று அகமதாபாத்தின் வானை நிறைக்கும் பட்டங்களும் அவ்வரையறைப்படி வானூர்திகளே. இது நகைப்புக்கு இடமாவது. எனினும் 80 ஆண்டுகள் கழிந்தபின் டிரோன் வந்தபோது புதிய சட்டம் தேவைப்படாமற் போனதற்கு இப்பரந்த வரையறையும் ஒரு காரணமாகும். 2018ஆம் ஆண்டின் நெறிமுறைகளும் 2021ஆம் ஆண்டின் விதிகளும் 1934ஆம் ஆண்டுச் சட்டக் கட்டமைப்பின்கீழ் பிறந்தவையே. அச்சட்டத்தின் இடத்தை 2024இல் இயற்றப்பட்டு 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதிநியம் பெற்றுள்ளது.

அதே 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலவுடைமையாளரைப் பற்றியது. காற்று, வானிலை, பிற சூழ்நிலைகள் ஆகியவற்றை நோக்கத் தகுந்த உயரத்தில் ஒருவர் நிலத்தின் மேல் வானூர்தி பறந்தது என்பதை மட்டுமே காரணங்காட்டி அத்துமீறல் வழக்குத் தொடுக்க இயலாது என்று அது கூறிற்று. தகுந்த உயரம் எது என்று எண்ணால் வரையறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் செல்லும் ஊர்தியை மனத்திற்கொண்டு எழுதிய தொடர் அது. மாடி மட்டத்தில், சாளரத்துக்கு எதிரே நின்று பார்க்கும் கருவியைப் பற்றிய சிந்தனை அக்காலத்தார்க்கு எழுந்திருக்க முடியாது.

கண்ணைக் கட்டிய விதிகள்

பறத்தலைப் பற்றிய சட்டங்கள் ஒருபுறம் வளர, காணுதலைப் பற்றிய சட்டங்கள் அவற்றுக்கு முன்னரே வலுப்பெற்றிருந்தன. 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் விலக்கப்பட்ட இடம் என்னும் கருத்தை விரிவாக வரையறுத்தது. படைத்தளம், ஆயுதக்கிடங்கு, வானூர்தித் தளம் முதலியன அதனுள் அடங்கும். நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் நோக்கத்துடன் அத்தகைய இடத்தை அணுகுதல், நோட்டமிடுதல், அருகில் இருத்தல், உள்ளே நுழைதல் ஆகியவற்றோடு அதன் மேலாகக் கடந்து செல்லுதலும் குற்றமாக்கப்பட்டது. படம் வரைதல், குறிப்பெடுத்தல் ஆகியனவும் அதே பிரிவில் இடம்பெற்றன. இன்றைய சிவப்பு மண்டலத்தின் முன்னோடியை வானூர்தி விதிகளில் தேடுவதினும் இச்சட்டத்தில் தேடுவதே பொருத்தமாகும்.

1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளுள் 13ஆம் விதி இன்னும் நேரடியானது. அரசு வானூர்தி நிலையத்திலோ பறந்துகொண்டிருக்கும் வானூர்தியிலிருந்தோ எழுத்து வழி அனுமதியின்றி ஒளிப்படம் எடுத்தல் கூடாது என்பது அதன் சாரம். இவ்விதி எந்த இடத்தையும் பெயர் சுட்டி விலக்கவில்லை. நாடு முழுவதும் மேலிருந்து படமெடுத்தற்கு விலக்கப்பட்டது. அனுமதி பெற்ற இடம் மட்டுமே விதிவிலக்கு. இன்றைய வண்ணப்படத்தில் பச்சை பொதுவிதியாகவும் சிவப்பு விதிவிலக்காகவும் அமைந்திருக்க, 1937இல் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது என்பது கருதத்தக்கது. இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடவுமில்லை. 2020 செப்டம்பரில் பயணியர் விமானமொன்றினுள் ஒளிப்படக்காரர் நெருக்கியடித்த நிகழ்வை அடுத்து, குடிமை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு நினைவூட்டியது இந்த 13ஆம் விதியைத்தான்.

1944 திசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் பங்கேற்றது. அதன் 8ஆம் பிரிவு, ஓட்டுநரின்றிப் பறக்கவல்ல வானூர்தி ஒரு நாட்டின் மேல் அந்நாட்டின் தனியனுமதியின்றிப் பறத்தல் ஆகாது என்கிறது. 36ஆம் பிரிவு, தன் நிலப்பரப்பின் மேல் செல்லும் வானூர்திகளில் ஒளிப்படக் கருவியின் பயன்பாட்டைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமையளிக்கிறது. இவ்விரு பிரிவுகளும் உடன்படிக்கையில் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தொலைவில் நிற்பவை. ஓட்டுநரின்மையும் ஒளிப்படக் கருவியும் ஒரே பொருளில், அதுவும் இரண்டு கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ள ஒரு விற்பனைப் பொருளில், ஒன்றுசேரும் என்பது அன்று எவரும் எதிர்பாராதது.

இங்குத் தொல்லியலாரின் இழப்பு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 1906இலேயே படைத்துறைப் பலூனிலிருந்து ஸ்டோன்எஞ்சு கல்வட்டம் படமெடுக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு முதலியோர் வான்படத் தொல்லியலைத் தனித்துறையாகவே வளர்த்தனர். நிலத்தில் நின்று காணவியலாத மண்மேடுகளும் பழைய வயல் வரப்புகளும் சாய்ந்த வெயிலில் மேலிருந்து நோக்கும்போது கோடுகளாகத் தெரியும். பரந்த சமவெளிகளும் எண்ணற்ற புதையுண்ட ஊர்களும் கொண்ட இந்தியாவில் அத்துறை வேரூன்றாமற் போனதற்குப் பொருள் வசதியின்மை ஒரு காரணம். பல்கலைக்கழக ஆய்வாளர் எட்டவியலாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்த அனுமதியும் ஒரு காரணம் எனலாம்.

வரைபட மறைப்பு

1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் வரலாற்றை அறிந்தார்க்கு, விடுதலைக்குப் பிந்தைய வரைபடக் கொள்கை வியப்பளிக்கும். நாடு முழுவதையும் அளந்து வரைபடமாக்கிய துறை, அவ்வரைபடத்தைத் தன் மக்களிடமிருந்து பல பத்தாண்டுகள் மறைத்து வைக்க நேர்ந்தது. சீனப் போரும் பாகிசுதான் போரும் முடிந்த சூழலில், 1967இல் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த நெறிப்படி எல்லையோரமும் கடலோரமும் ஏறத்தாழ 80 கி.மீ. அகலத்துக்கு உட்பட்ட பகுதிகளின் விரிவான நிலப்பட ஏடுகள் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டன. கடற்கரை நெடுக 80 கி.மீ. என்பது தமிழகத்தைப் பொறுத்தவரை எத்தகையது என்பதைக் காவிரிப்பூம்பட்டினம், கொற்கை, மாமல்லபுரம், நாகப்பட்டினம் ஆகியவற்றை நினைத்த அளவில் உணரலாம். பண்டைத் துறைமுகங்களைப் பற்றி எழுதிய ஆய்வாளர் பலர் கையால் வரைந்த கோட்டுப்படங்களையே தம் நூல்களில் சேர்த்திருப்பதற்கு இக்கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு.

2005 மே மாதத்தில் வெளியான தேசிய வரைபடக் கொள்கை, வரைபடங்களைப் பாதுகாப்பு வரிசை, திறந்த வரிசை என இரண்டாகப் பிரித்தது. திறந்த வரிசை அனைவர்க்கும் கிடைக்கும். ஆனால் அதில் முக்கிய இடங்கள் நீக்கப்பட்டிருக்கும். அதே ஆண்டில் கூகுள் எர்த் வெளிவந்து, நீக்கப்பட்டவற்றையெல்லாம் கணினித் திரையில் காட்டிற்று. 2005 அக்டோபரில் ஐதராபாத்தில் காவல்துறை அலுவலர்களிடையே பேசிய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், இத்தகைய செயற்கைக்கோட் படங்கள் தீவிரவாதிகளுக்குப் பயன்படக்கூடும் என்று கவலை தெரிவித்தார். அக்கவலையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் உள்நாட்டு வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடத்தை வெளிநாட்டு நிறுவனத்தின் படத்தில் பள்ளி மாணவரும் காணும் நிலையில், மறைப்பின் சுமை உள்நாட்டு ஆய்வாளர் மேல் மட்டுமே விழுந்தது. 2016இல் புவிசார் தகவல் ஒழுங்குமுறைச் சட்ட வரைவு, அனுமதியற்ற பயன்பாட்டுக்கு 100 கோடி ரூபாய் வரையில் தண்டம் விதிக்க எண்ணியது. எதிர்ப்புக்குப் பின் அது சட்டமாகாமலே நின்றது.

2021 பிப்ரவரி 15 அன்று அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புவிசார் தரவு நெறிகள் இப்போக்கைப் பெரிதும் மாற்றின. இந்திய நிறுவனங்களும் குடிமக்களும் முன்னனுமதியின்றி வரைபடம் உருவாக்கலாம் என்று அவை கூறின. அதற்கு முன்னரே, 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், நில அளவைத் துறையே டிரோன்களைக் கொண்டு ஊரகக் குடியிருப்பு மனைகளை அளக்கத் தொடங்கிவிட்டது. இதுவரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் மேல் அத்துறையின் டிரோன்கள் பறந்துள்ளன.

இத்துறையின் வரலாற்றோடு தொடர்புடைய ஓர் இடத்தை இங்குச் சுட்டலாம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பின்னர் மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்ற பணியின் அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கு அருகில் அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள கோடு அது. இன்று பரங்கிமலை சென்னை வானூர்தி நிலையத்தை ஒட்டி நிற்கிறது. அவ்வளவைப் பணியோடு தொடர்புடைய மலையை மேலிருந்து படமெடுக்க விரும்பும் வரலாற்று மாணவர்க்கு அவ்விடம் எளிதில் எட்டாது.

முழுத் தடையிலிருந்து வண்ணப்படம் வரை

2014 மே மாதத்தில் மும்பை உணவகமொன்று டிரோன் வழியாக உணவு அனுப்பிய செய்தி பரவிற்று. அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று தலைமை இயக்குநரகம் ஒரு பொது அறிவிப்பை வெளியிட்டது. நெறிமுறைகள் வகுக்கப்படும் வரை அரசுசாரா அமைப்போ தனியாரோ எந்நோக்கத்துக்காகவும் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிடுதல் கூடாது என்பது அதன் பொருள். எங்குப் பறக்கலாம் என்ற வினாவுக்கு எங்கும் இல்லை என்பதே விடை. நெறிமுறைகள் வந்து நடைமுறைக்கு ஏறுவதற்கு 4 ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்விடைக்காலத்தில் டிரோன்கள் பறக்காமல் இருந்தனவா எனில் இல்லை. திருமணங்களிலும் திரைப்படப்பிடிப்பிலும் தேர்த் திருவிழாக்களிலும் அவை தாராளமாகப் பறந்தன. சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கியோர் கல்வி நிறுவனங்களைச் சார்ந்தோரே. ஏனெனில் அவர்தம் பணி அச்சேறிச் சான்றாக நிற்பது.

2018 ஆகத்து 27 அன்று வெளியிடப்பட்டுத் திசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள், இடங்களைத் தொலைவுக் கணக்கால் விலக்கின. மும்பை, தில்லி, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் வானூர்தி நிலையங்களின் சுற்றெல்லையிலிருந்து 5 கி.மீ., ஏனைய நிலையங்களிலிருந்து 3 கி.மீ., பன்னாட்டு எல்லையிலிருந்து 25 கி.மீ., படைத்துறை நிலையங்களிலிருந்து 3 கி.மீ., மாநிலத் தலைநகரங்களில் தலைமைச் செயலகத்திலிருந்து 3 கி.மீ., தில்லியில் விசய் சவுக்கிலிருந்து 5 கி.மீ. ஆரம், கடற்கரையிலிருந்து கடலுக்குள் 500 மீட்டருக்கு அப்பால் எனப் பட்டியல் நீண்டது. பகலில் மட்டும், கண்ணுக்கெட்டும் தொலைவில், 400 அடிக்குள் பறக்க வேண்டும்.

இவ்வட்டங்களை ஒரு நகர வரைபடத்தின் மேல் வரைந்து பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். விசய் சவுக்கை நடுவாகக் கொண்ட வட்டத்துக்குள் சந்தர் மந்தர், சப்தர்சங் கல்லறை, புரானா கிலா ஆகியன அடங்கிவிட்டன. சென்னையிலோ தலைமைச் செயலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே இயங்குவதால், கோட்டையும் அதனை அடுத்த கறுப்பர் நகரத்தின் பழைய தெருக்களும் ஒருங்கே விலக்குக்கு உள்ளாயின. ஆட்சி நடைபெறும் இடமும் வரலாறு குவிந்த இடமும் இந்திய நகரங்களில் பெரும்பாலும் ஒன்றே. எனவே ஆட்சியாளரைக் காக்க வரைந்த வட்டம் வரலாற்றாய்வாளரையும் வெளியே நிறுத்தியது. எவரும் இதனைக் கருதிச் செய்தாரல்லர். ஆயினும் விளைவு அதுவே.

இந்நெறிமுறைகளின் மற்றொரு கூறு, அனுமதி இல்லையேல் எழுச்சி இல்லை என்பது. டிஜிட்டல் ஸ்கை என்னும் இணையத்தளத்திலிருந்து மின்வழி அனுமதி பெறாத கருவி தரையிலிருந்தே எழக்கூடாது என்று அதன் மென்பொருள் தடுக்கும். ஓட்டுபவரை நம்பாமல் கருவியிடமே காவலை ஒப்படைக்கும் இக்கருத்து 2021ஆம் ஆண்டு விதிகளில் பின்னர் அறிவிக்கப்படவிருக்கும் பாதுகாப்புக் கூறுகளுள் ஒன்றாகத் தள்ளிவைக்கப்பட்டது.

2021ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றுபவை. மார்ச்சு 12 அன்று கடுமையான விதித்தொகுதி ஒன்று வெளியாயிற்று. சூன் 27 அன்று சம்மு வான்படைத் தளத்தின் மேல் டிரோன் வழி வெடிகுண்டுத் தாக்குதல் நிகழ்ந்தது. சில நாட்களில் சிறீநகர் மாவட்ட நிருவாகம் டிரோன்களுக்குத் தடை விதித்தது. இச்சூழலில் விதிகள் மேலும் இறுகும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். மாறாக ஆகத்து 25 அன்று வெளியான டிரோன் விதிகள் கட்டுகளைத் தளர்த்தின. படிவங்கள் 25இலிருந்து 5ஆகவும், கட்டண வகைகள் 72இலிருந்து 4ஆகவும் குறைந்தன. தண்டத்தின் உச்ச அளவு 1 லட்சம் ரூபாயாயிற்று. வாணிக நோக்கமின்றி இயக்கப்படும் 2 கிலோகிராம் வரையிலான டிரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டா என்றாயிற்று. தாக்குதல் நடத்துவோர் அனுமதி கேட்டு நிற்பதில்லை என்பதை விதியாக்கியோர் உணர்ந்திருந்தனர் போலும்.

வண்ணப்படத்தைப் படித்தல்

இவ்விதிகளின்படி, சிவப்பு, மஞ்சள் என்று குறிக்கப்படாத நிலப்பரப்பின் மேல் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பச்சை மண்டலமாகும். இயங்கும் வானூர்தி நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ. முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில் பச்சையின் உயரம் 200 அடியாகக் குறைகிறது; அதற்கு மேலுள்ளது மஞ்சள். முந்தைய விதிகளில் 45 கி.மீ. வரை விரிந்திருந்த மஞ்சள் எல்லை 12 கி.மீ. ஆகச் சுருங்கிற்று. நாட்டின் வான்வெளியில் ஏறத்தாழ 90 விழுக்காடு 400 அடி வரை பச்சையாகிவிட்டது என்று அமைச்சகம் அறிவித்தது.

இப்படத்தைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, மண்டலம் என்பது தரையில் வரைந்த கோடன்று. உயரமும் அதன் பகுதியே. நின்ற இடத்திலேயே மேலே செல்லச் செல்லப் பச்சை மஞ்சளாகும். ஒரு கோபுரத்தின் உச்சியைப் படமெடுக்க எழுந்த கருவி, இடம் மாறாமலே எல்லை கடந்துவிடக் கூடும். மற்றொன்று, படம் நிலையானதன்று. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் வழியாக மாநில அரசோ காவல்துறையோ ஓரிடத்தை ஒரு முறைக்கு 96 மணி நேரத்துக்கு மிகாமல் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். இதற்குப் புறம்பாக, குடியரசு நாள், விடுதலை நாள் ஆகியவற்றை ஒட்டித் தில்லிக் காவல்துறை ஆண்டுதோறும் டிரோன் முதலியவற்றுக்குத் தடையாணை பிறப்பிப்பது வழக்கம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ் வந்த அவ்வாணைகள் 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 163ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. நேற்றுப் பார்த்த பச்சை இன்றைக்குச் சான்றாகாது.

வண்ணத்துக்கு அப்பால்

பச்சை மண்டலத்தில் நிற்கும் ஒரு பழங்கோயிலை எடுத்துக்கொள்வோம். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதாயின், 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் 1959ஆம் ஆண்டின் விதிகளும் அங்குச் செல்லும். நாட்டில் 3,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் இவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன. 2018 சூலையில் அசந்தா ஓவியக் குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை மாடம் ஆகிய மூன்றும் நீங்கலாக ஏனைய சின்னங்களில் பார்வையாளர் ஒளிப்படம் எடுக்கத் துறை இசைந்தது. இவ்விசைவைச் சிலர் டிரோனுக்கும் விரித்துப் பொருள்கொண்டனர், அது பொருந்தாது. டிரோனுக்குத் துறையின் தனியனுமதி வேண்டும். அதே போல, 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கூறப்பட்ட 100 மீட்டர் விலக்கெல்லையையும் அதற்கப்பால் உள்ள 200 மீட்டர் ஒழுங்குமுறை எல்லையையும் பறத்தலுக்கான எல்லையாகக் கருதுவோரும் உளர். அவை கட்டுமானம் பற்றியவை. வான்வெளி பற்றியவை அல்ல.

தரைக்கு ஒரு துறை, வானுக்கு ஓர் அமைச்சகம் என்னும் இப்பகுப்பில் ஓர் இடைவெளி உள்ளது. வேலிக்கு வெளியே பொதுச்சாலையில் நின்று எழுப்பப்பட்டு, வேலிக்குள் காணும் கருவியை 1959ஆம் ஆண்டு விதிகளை வகுத்தோர் எண்ணிப்பார்த்திருக்க வாய்ப்பில்லை. வானத்தை ஒழுங்குபடுத்திய 2021ஆம் ஆண்டு விதிகளோ கீழே நிற்பது கோயிலா கல்லறையா என்று நோக்கவில்லை. இவ்விடைவெளியைத் தமக்குச் சாதகமாகக் கொண்டு படமெடுத்தல் ஆய்வு நெறிக்கு உகந்ததன்று. டிரோன் ஒன்று சுதைச் சிற்பத்தின் மேல் மோதி வீழுமாயின் அவ்விழப்பை எத்தண்டமும் ஈடுசெய்யாது என்பதால், துறையின் கண்டிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் அனுமதி நடைமுறை படப்பிடிப்பு நிறுவனத்தையும் முனைவர் பட்ட மாணவரையும் ஒரே தட்டில் வைத்து நோக்குமாயின், பொருளுடையார் மட்டுமே மேலிருந்து காண்பர்.

காடுகளின் நிலை ஓரளவு தெளிவானது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காப்பகத்துள் நுழைவதற்கும் அங்கு ஒளிப்படம் எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். காட்டினுள் அமைந்த கல்வட்டங்களையும் நடுகற்களையும் ஆய்வோர் வண்ணப்படத்துக்கு முன் வனத்துறையை அணுகுதலே முறை.

மக்கள் வாழும் தெருவோ இவற்றினும் சிக்கலானது. 2017 ஆகத்து 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளும் 2021 மார்ச்சு மாத விதிகளும் பிறர் தனியுரிமையைக் காக்கும் பொறுப்பை இயக்குநர் மேல் வைத்தன. 2021 ஆகத்து மாத விதிகளில் அதற்கெனத் தனிவிதி இல்லை. அக்கிரகாரத் தெருவமைப்பையோ செட்டிநாட்டு வீடுகளின் உள்முற்றங்களையோ மேலிருந்து பதிவு செய்யும் ஆய்வாளர், பச்சை மண்டலத்தில் 400 அடிக்குள் நின்று, எவ்விதியையும் மீறாமலேயே ஒரு குடும்பத்தின் முற்றத்தைக் காண இயலும். தெருவழியே சென்று கதவைத் தட்டிக் கேட்டு நுழைந்த பழைய கள ஆய்வு முறையில் வீட்டார் மறுக்க இடமிருந்தது. இம்முறையில் கேட்கப்பட்டதையே அவர்கள் அறியார். படமெடுக்கும் முன் ஊராரிடம் செய்தி சொல்லுதல் விதியில் இல்லாவிடினும் துறைதோறும் நடைமுறையாக்கத்தக்கது.

ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் வான்படங்கள் பெருகிவருகின்றன. கல்வெட்டொன்றைச் சுட்டுவோர் ஆண்டறிக்கையின் ஆண்டையும் எண்ணையும் தருவது நெடுநாள் மரபு. எண்ணில்லாத கல்வெட்டை அவை ஏற்பதில்லை. வான்படத்துக்கோ அத்தகைய மரபு இன்னும் உருவாகவில்லை. பெரும்பாலான படங்களின் கீழ் ஊர்ப்பெயர் மட்டுமே காணப்படுகிறது. கருவி எழுந்த இடம், எடுத்த நாளும் நேரமும், பறந்த உயரம், அன்றைய மண்டல நிலை, டிரோனின் பதிவெண், தொல்லியல் துறை அல்லது வனத்துறை அனுமதிக் கடிதத்தின் எண் ஆகியவற்றைப் படத்தின் அடியிலேயே தருதல் வேண்டும். இவற்றுள் மண்டல நிலையைப் பின்னர்த் தேடிப் பெறுதல் அரிது. பறக்கும் நாளிலேயே திரையிலிருந்து படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.